ஒப்பந்தச் சொல்லும் நாட்டுப் பாதுகாப்பும்: தென்கொரியாவை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தன் வலிமையால் மட்டும் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத நாடு துணைவலியை நாடுகிறது. போர்மேற் செல்லும் வேந்தன் எடைபோட வேண்டியவற்றுள் துணையின் வலிமையையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறது திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம். வாளும் வேலும் படைக்கலங்களாக இருந்த காலத்தில், துணைவனிடம் எத்துணைப் படை உண்டு என்று அறிந்தால் அந்த எடைபோடுதல் பெரும்பாலும் நிறைவு பெற்றது. பகைவனிடம் அணு ஆயுதம் இருக்கும் இக்காலத்தில் படையளவை அறிந்தால் மட்டும் போதாது. உதவிக்கு வந்தால் தன் நகரங்களும் அழியக்கூடும் என்று தெரிந்த பின்னும் துணைவன் வருவானா என்பதையும் அறிய வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியோடு நெடுங்காலமாக வாழ்ந்துவரும் நாடு தென்கொரியா. அதன் தலைநகராகிய சியோல், வடகொரிய எல்லையிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அந்நகரில் மட்டும் தொண்ணூறு இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய உயிர்ப் பாதுகாப்பு, கடல் கடந்த ஒரு வல்லரசு 1953ஆம் ஆண்டில் எழுதிக் கொடுத்த சில வரிகளைப் பெரிதும் சார்ந்து நிற்கிறது. அவ்வரிகளின் சொற்களையும், அச்சொற்களுக்குப் பின்னால் நிறுத்தப்பட்டவற்றையும் ஒப்புநோக்கி, ஒரு பாதுகாப்பு வாக்குறுதி எதனால் நம்பத்தக்கதாகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடுபட்ட பெயர்

1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கொரியா, இரண்டாம் உலகப் போரின் முடிவில் 38ஆம் அகலக்கோட்டினை ஒட்டி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடக்கே சோவியத் படையும் தெற்கே அமெரிக்கப் படையும் நின்றன. 1948இல் இரு பகுதிகளிலும் தனித்தனி அரசுகள் தோன்றின. 1949ஆம் ஆண்டின் நடுவில், ஏறத்தாழ ஐந்நூறு பயிற்சி ஆலோசகர்களை மட்டும் விட்டுவிட்டு அமெரிக்கப் படை தெற்கிலிருந்து வெளியேறியது.

1950 சனவரி 12ஆம் நாள் அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் அச்சிசன் வாஷிங்டனில் ஓர் உரையாற்றினார். பசிபிக் பகுதியில் அமெரிக்கா காத்து நிற்கும் எல்லைக்கோட்டினை அவர் அதில் விளக்கினார். அலூசியன் தீவுகள், ஜப்பான், ரியூக்யூ தீவுகள், பிலிப்பைன்ஸ் ஆகியன அக்கோட்டிற்குள் அடங்கின. கொரியாவின் பெயர் அதில் இடம்பெறவில்லை. அவ்வாண்டு சூன் 25ஆம் நாள் வடகொரியப் படை தெற்கே நுழைந்தது.

அவ்வுரையே போருக்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். வடகொரியத் தலைவர் கிம் இல் சுங் படையெடுப்பிற்குப் பலமுறை இசைவு கேட்டதும், 1950இன் தொடக்கத்தில் ஸ்டாலின் அதற்கு இசைந்ததும் பின்னாளில் வெளிவந்த சோவியத் ஆவணங்களால் தெரிய வருகின்றன. எனினும், படையும் வெளியேறி, பெயரும் விடுபட்ட நிலையில், அமெரிக்கா தலையிடாது என்று எதிர்த்தரப்பு கணக்கிட்டதில் வியப்பில்லை. அக்கணக்கு பொய்த்தது. அமெரிக்கா வந்தது; மூன்றாண்டுப் போரில் 36,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டனர். கொரியர் தரப்பில் மாண்டவர்களோ பல இலட்சம் பேர். காப்பதாக முன்னரே தெளிவாகச் சொல்லியிருந்தால் இப்போர் நேர்ந்திருக்குமா என்ற வினா அன்றுமுதல் எழுந்து நிற்கிறது.

ஒப்பந்தத்தின் தோற்றம்

1953இல் அமெரிக்கா போரை முடிக்க விரும்பியது. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ அதற்கு உடன்படவில்லை. நாடு பிரிந்த நிலையிலேயே போர் நின்றுவிட்டால், அமெரிக்கர் மீண்டும் கப்பலேறிச் சென்றுவிடுவர் என்று அவர் அஞ்சினார். அவ்வாண்டு சூன் 18ஆம் நாள், பேச்சுவார்த்தையின் உயிர்நிலையாக இருந்த போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 27,000 பேரைத் தம் விருப்பப்படி விடுவித்து, தம்மைப் புறந்தள்ளி அமைதி காண முடியாது என்பதை அவர் உணர்த்தினார். சூலை 27ஆம் நாள் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானபோது தென்கொரியா அதில் ஒப்பமிடவில்லை. ஆனால் உடன்பாட்டை எதிர்த்துப் போரைத் தொடராமலிருக்க அது கேட்ட விலை கிடைத்தது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் வாஷிங்டனில் இருநாட்டுப் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1954 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

வலியவன் மனமுவந்து அளித்த கொடையன்று இது. எளியவன் பிடிவாதமாய் நின்று பெற்ற எழுத்து. ஆதலால் இதன் சொற்களை இருதரப்பும் மிக்க கவனத்துடன் எடைபோட்டன.

ஒப்பந்தத்தின் வினைச்சொற்கள்

ஒரு வாக்கியத்தின் பொருள் அதன் வினைமுற்றில் நிலைகொள்கிறது என்பது நம் வகுப்பறைப் பாடம். ஒப்பந்தங்களைப் படிப்பதற்கும் அதுவே வழியாகும்.

தென்கொரிய ஒப்பந்தத்தின் மூன்றாம் விதி கூறுவதன் சாரம் இது: பசிபிக் பகுதியில் ஒரு தரப்பின்மீது நிகழும் ஆயுதத் தாக்குதல் தன் அமைதிக்கும் பாதுகாப்பிற்கும் ஆபத்தானது என்று மறுதரப்பு ஏற்கிறது, அப்பொது ஆபத்தை எதிர்கொள்ளத் தன் அரசியலமைப்பு நடைமுறைகளுக்கு ஏற்பச் செயற்படும். இங்கு வினை 'செயற்படும்' என்பதே. 'போரிடும்' என்றோ 'உடனே படை அனுப்பும்' என்றோ இல்லை. 'அரசியலமைப்பு நடைமுறைகளுக்கு ஏற்ப' என்னும் அடை அவ்வினையை மேலும் தளர்த்துகிறது. போதாக்குறைக்கு, வெளியிலிருந்து வரும் ஆயுதத் தாக்குதலின்போது மட்டுமே உதவும் கடமை உண்டு என்று அமெரிக்க செனட் அவை ஒரு விளக்கத்தையும் சேர்த்தது. தென்கொரியா தானே போரைத் தொடங்கினால் துணை வராது என்பது அதன் உட்பொருள். ஆறாம் விதியின்படி, ஓராண்டு முன்னறிவிப்புடன் எத்தரப்பும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.

இதனுடன் வடகொரியா 1961 சூலை 11ஆம் நாள் சீனாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். ஒரு தரப்பு தாக்கப்பட்டுப் போர்நிலைக்கு உள்ளானால், மறுதரப்பு தன்னிடமுள்ள எல்லா வழிகளாலும் உடனடியாகப் படையுதவியும் பிற உதவியும் அளிக்கும் என்பது அதன் இரண்டாம் விதி. 'உடனடியாக', 'எல்லா வழிகளாலும்', 'படையுதவி' என்று ஒவ்வொரு சொல்லும் அழுத்தமானது. அதே மாதம் சோவியத் ஒன்றியத்துடன் செய்த ஒப்பந்தமும் இத்தகையதே. எழுத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பதாயின், வடகொரியாவே தென்கொரியாவைவிடப் பன்மடங்கு பாதுகாப்புப் பெற்ற நாடு என்றே கூற வேண்டும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஏன் என்பதே நாம் ஆராய வேண்டுவது.

சொல்லுக்குப் பின் நின்றவை

தென்கொரிய ஒப்பந்தத்தின் நான்காம் விதி, அமெரிக்கப் படைகள் அந்நாட்டு மண்ணில் தங்க வழிவகுத்தது. மூன்றாம் விதியின் தளர்ச்சியை இந்நான்காம் விதியே ஈடுசெய்தது எனலாம். வடக்கிலிருந்து சியோலை நோக்கி வரும் வழிகளில் அமெரிக்கப் படைப்பிரிவுகள் நிறுத்தப்பட்டன. படையெடுத்து வருபவன் முதல் நாளிலேயே அமெரிக்க வீரர்களைக் கொல்ல நேரும். அதன்பின் 'செயற்படலாமா' என்று வாஷிங்டன் விவாதித்துக்கொண்டிருக்க இடமிராது. அங்கிருந்த வீரர்கள் ஒருவகையில் பிணையாக நின்றனர்.

1958ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா தன் அணு ஆயுதங்களைத் தென்கொரியாவிற்குக் கொண்டுவந்தது. 1960களின் பிற்பகுதியில் அவற்றின் எண்ணிக்கை தொள்ளாயிரத்தைத் தாண்டியது. அதே 1958இன் இறுதிக்குள் சீனப் படை முழுவதும் வடகொரியாவிலிருந்து வெளியேறியது. தெற்கில் தளர்ந்த சொல்லும் நெருங்கிய படையும். வடக்கில் அழுத்தமான சொல்லும் விலகிய படையும்.

1976 ஆகஸ்டு 18ஆம் நாள், இரு தரப்புக்கும் பொதுவான பான்முன்ஜோம் பகுதியில், பார்வையை மறைத்த ஒரு மரத்தின் கிளைகளை வெட்டச் சென்ற குழுவை வடகொரிய வீரர்கள் தாக்கினர். அமெரிக்க அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டனர். மூன்று நாள் கழித்து, குண்டுவீச்சு விமானங்கள் வானில் பறக்க, விமானந்தாங்கிக் கப்பல் அப்பகுதிக் கடலில் நிற்க, அம்மரம் அடியோடு வெட்டப்பட்டது. கிம் இல் சுங் வருத்தம் தெரிவித்துச் செய்தி அனுப்பினார். ஒரு மரத்தை வெட்ட இத்துணை ஏற்பாடு எதற்கு என்று தோன்றலாம். உடனிருப்பவன் செயற்படுவான் என்பதைக் காட்டுவதே அதன் நோக்கமாக இருந்தது.

ஐயம் பிறந்த காலம்

உடனிருத்தலே உறுதியாக மாறியதனால், விலகல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சியோல் நடுங்கியது. 1969 சூலையில் குவாம் தீவில் பேசிய அமெரிக்க அதிபர் நிக்சன், ஆசிய நாடுகள் தம் பாதுகாப்பின் முதற்பொறுப்பைத் தாமே ஏற்க வேண்டும் என்று அறிவித்தார். 1971இல் ஏறத்தாழ 20,000 வீரர்களைக் கொண்ட ஒரு முழுப் படைப்பிரிவு தென்கொரியாவிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் ஒரு சொல்கூட அப்போது மாறவில்லை என்பது நோக்கத்தக்கது.

அதன் விளைவு யாது? அதிபர் பார்க் சுங் ஹீ மறைவாக அணு ஆயுத முயற்சியில் இறங்கினார். எரிந்த அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையைப் பிரான்சிடமிருந்து வாங்க ஏற்பாடு நடந்தது. இதனை அறிந்த அமெரிக்கா கடுமையாக நெருக்கியது. 1975 ஏப்ரலில் தென்கொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை உறுதிசெய்தது. 1976இல் ஆலைத் திட்டமும் கைவிடப்பட்டது. 1977இல் அதிபர் கார்ட்டர் தரைப்படை முழுவதையும் திரும்ப அழைக்கப் போவதாக அறிவித்தபோது அச்சம் மீண்டும் தலைதூக்கியது. அத்திட்டம் 1979இல் நிறுத்தி வைக்கப்பட்டது. துணைவன்மீது ஐயம் கொண்ட நாடு அணுகுண்டை நாடுகிறது என்பதை இந்நிகழ்ச்சிகளால் அறிய முடிகிறது.

வடக்கும் இதற்கு விலக்கன்று. 1990இல் சோவியத் ஒன்றியமும் 1992இல் சீனாவும் தென்கொரியாவுடன் தூதரக உறவு கொண்டன. சோவியத் ஒப்பந்தம் 1996இல் காலாவதியாயிற்று. வடகொரியாவின் அணுத்திட்டம் இதற்கு முன்பே தொடங்கியது. அதற்குக் காரணங்கள் பல. எனினும், 'எல்லா வழிகளாலும் உடனடியாக' உதவுவதாக எழுதிக் கொடுத்தவர்கள் பகைவனுடன் கைகுலுக்கியதைக் கண்ட நாடு, தன்னைத் தானே காத்துக்கொள்ளும் கருவியைத் தேடுவதில் மேலும் விரைந்தது என்று கருத இடமுண்டு.

அண்டை நாடு அணு ஆயுத நாடான பின்

பனிப்போர் முடிந்த காலத்தில் நம்பிக்கை தரும் திருப்பம் ஒன்று தோன்றியது. 1991இல் அமெரிக்கா தன் அணு ஆயுதங்களைத் தென்கொரிய மண்ணிலிருந்து அகற்றியது. 1992இல் இரு கொரியாக்களும் தீபகற்பத்தை அணு ஆயுதமற்றதாக்கும் கூட்டு அறிவிப்பில் கையெழுத்திட்டன. 1994இல் அமெரிக்காவும் வடகொரியாவும் ஜெனீவாவில் ஓர் உடன்பாடு கண்டன. இவை நிலைக்கவில்லை. 2003இல் வடகொரியா பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2006 அக்டோபர் 9ஆம் நாள் முதல் அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. தொடர்ந்து 2009, 2013 ஆகிய ஆண்டுகளிலும், 2016இல் இருமுறையும், 2017இலும் சோதனைகள் நிகழ்ந்தன.

2017ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்று இவ்வாய்விற்கு மேலும் இன்றியமையாதது. அவ்வாண்டு வடகொரியா கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைச் சோதித்தது. அதுவரை சியோலைக் காக்க முன்வரும் அமெரிக்கா, தன் நிலப்பரப்பை வடகொரியாவின் அணு ஆயுதத்திற்குப் பணயம் வைக்க வேண்டியிருக்கவில்லை. அதன்பின் அந்நிலை மாறியது. சியோலுக்காகத் தன் மாநகர் ஒன்றை இழக்க அமெரிக்கா துணியுமா? இவ்வகை ஐயம் புதியதன்று. சோவியத் அணு ஆயுதத்தை எதிர்கொண்ட ஐரோப்பாவில், 1960களில் பிரெஞ்சு அதிபர் டி கோல் பாரிசுக்காக இதே வினாவை எழுப்பினார். அமெரிக்க வாக்கை முழுதும் நம்பாத பிரான்சு தனக்கென அணு ஆயுதம் செய்துகொண்டது. 1966இல் நேட்டோ கூட்டணியின் ஒருங்கிணைந்த படைத்தலைமையிலிருந்தும் விலகியது.

தென்கொரியாவில் 2022இல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில், தம் நாடு தனக்கென அணு ஆயுதம் செய்துகொள்வதை 71 விழுக்காட்டினர் ஆதரித்தனர். 2023 சனவரியில் அன்றைய அதிபர் யூன் சுக் இயோல் அத்தகைய வாய்ப்பை வெளிப்படையாகவே பேசினார். அதற்கு மூன்று மாதத்திற்குப் பின், ஏப்ரல் 26ஆம் நாள், வாஷிங்டன் அறிக்கை வெளியாயிற்று. அணுத்தாக்குதல் நேரின் விரைந்த, வலிமையான, தீர்க்கமான பதிலடி உண்டு என்று அமெரிக்கா உரைத்தது. அணு ஆயுதத் திட்டமிடல் குறித்துப் பேச இருநாட்டு ஆலோசனைக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. பரவல் தடை ஒப்பந்தத்தில் நிலைத்து நிற்பதாகத் தென்கொரியா மீண்டும் உறுதியளித்தது. அவ்வாண்டு சூலையில், குழு முதன்முறையாகச் சியோலில் கூடிய அதே நாளில், அணு ஏவுகணைகளைத் தாங்கக்கூடிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் பூசான் துறைமுகத்திற்கு வந்தது. அத்தகைய கப்பலின் வருகை 1981க்குப் பின் அதுவே முதன்முறை. சொல்லைப் புதுப்பித்தவர்கள், அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு பொருளையும் நிறுத்த வேண்டியிருந்தது. ஆயினும் ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு அமெரிக்க அதிபர் ஒருவரிடமே தங்கியது.

உக்ரைனும் இந்தியாவும்

கொரியாவில் கண்டதை வேறிரு நாடுகளின் பட்டறிவோடு ஒப்பிடலாம். சோவியத் ஒன்றியம் கலைந்தபோது உக்ரைன் மண்ணில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட நெடுந்தொலைவு அணுகுண்டுகள் இருந்தன. அவற்றைக் கைவிடும் உக்ரைனுக்கு, 1994 டிசம்பர் 5ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவை ஓர் ஆவணத்தை அளித்தன. அதன் ஆங்கில வடிவம் நம்பிக்கைமொழி என்னும் பொருள் தரும் சொல்லைக் கையாண்டது. உக்ரைனிய, ரஷ்ய வடிவங்கள் உத்தரவாதம் என்னும் பொருளுடைய சொல்லைக் கையாண்டன. எல்லைகளை மதிப்போம், வலிமையைப் பயன்படுத்தோம், ஐயம் எழுந்தால் கலந்தாலோசிப்போம் என்பவையே அதன் வினைகள். 'காப்போம்' என்ற வினை இல்லை. உக்ரைனைக் காக்க எந்நாட்டுப் படையும் அங்கு நிறுத்தப்படவில்லை. 2014இல் கிரீமியாவை ரஷ்யா கைப்பற்றியது. 2022 பிப்ரவரி 24ஆம் நாள் முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. ஒரே ஆவணத்தில் இருவேறு பொருளுடைய சொற்களை வைத்துக் கருத்து வேறுபாட்டை மூடி மறைத்தால், அதன் விலையை எளிய தரப்பே செலுத்துகிறது என்பது இதனால் புலனாகும்.

நம் நாடும் இத்தகைய தேடலைக் கண்டதுண்டு. 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்த பின், இந்தியா அணு வல்லரசுகளிடம் பாதுகாப்பு உறுதியை நாடியது. 1968இல் ஐ.நா. பாதுகாப்பு அவை, அணு ஆயுதமற்ற நாடுகளுக்கு உதவுவது பற்றிய 255ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இந்தியா அதனைப் போதுமானதாகக் கருதவில்லை. பரவல் தடை ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. 1971 ஆகஸ்டு 9ஆம் நாள் சோவியத் ஒன்றியத்துடன் கையெழுத்தான ஒப்பந்தத்தின் ஒன்பதாம் விதியும், தாக்குதல் அச்சம் எழுந்தால் 'உடனே கலந்தாலோசிப்பது' என்று கூறியது. 1974இலும் 1998இலும் இந்தியா தானே அணுச்சோதனை நடத்தியது.

துணையின் விலை

துணை இலவசமாகக் கிடைப்பதில்லை. அமெரிக்கா வியட்நாமில் போரிட்டபோது, 1964 முதல் 1973 வரை தென்கொரியா மொத்தம் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்களை அங்கு அனுப்பியது. ஏறத்தாழ 5,000 பேர் திரும்பவில்லை. அமெரிக்கப் படை தங்குவதற்கான செலவில் ஒரு பகுதியை 1991 முதல் தென்கொரியா ஏற்று வருகிறது. 2024இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி 2026ஆம் ஆண்டிற்கான அதன் பங்கு சுமார் 1.52 இலட்சம் கோடி வான். துணைவன் கைவிட்டுவிடுவானோ என்ற அச்சமும், துணைவனின் போரில் தான் சிக்கிவிடுவோமோ என்ற அச்சமும் ஒரு தராசின் இரு தட்டுகள். ஒன்றைக் குறைக்க முயன்றால் மற்றொன்று கூடுகிறது. வடக்கிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2024 சூன் 19ஆம் நாள் ரஷ்யாவுடன் ஒருவர்க்கொருவர் படையுதவி செய்யும் ஒப்பந்தத்தைச் செய்துகொண்ட வடகொரியா, சில மாதங்களிலேயே தன் வீரர்களை ரஷ்யாவின் கூர்ஸ்க் போர்க்களத்திற்கு அனுப்பியது.

இவ்விலைகளுக்கெல்லாம் மேலானது ஒன்றுண்டு. அணு ஆயுதத்தைக் காட்டித் தடுக்கும் முறை, ஒருநாள் அதனைப் பயன்படுத்த நேரலாம் என்ற அடித்தளத்தின்மேல் நிற்கிறது. அது எத்தகைய அழிவு என்பதைக் கொரியர் அறிவர். 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் பாதிக்கப்பட்டோருள் பல்லாயிரவர் கொரியர். ஹிரோஷிமாவில் இருந்த கொரியருள் பலர் ஹாப்சியோன் என்னும் பகுதியிலிருந்து சென்றவர்கள். அதனால் அவ்வூர் 'கொரியாவின் ஹிரோஷிமா' என்று அழைக்கப்படுகிறது. தப்பிப் பிழைத்தோர் ஊர் திரும்பி, நெடுங்காலம் மருத்துவ உதவிக்காகப் போராடினர். பாதுகாப்புக் கணக்கில் எண்களாக வருபவர்கள் இத்தகைய மனிதர்களே என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன:

1. ஒப்பந்தச் சொல்லின் அழுத்தம் மட்டும் பாதுகாப்பைத் தருவதில்லை. 1961ஆம் ஆண்டின் அழுத்தமான சொற்கள் வடகொரியாவின் அச்சத்தைப் போக்கவில்லை; 1953ஆம் ஆண்டின் தளர்ந்த சொற்களின் காலத்தில் தென்கொரியாவின்மீது மறுபடியும் பெரும்படையெடுப்பு நிகழவில்லை.

2. சொல்லுக்குப் பின்னால், சொன்னவன் இழக்கக்கூடிய ஒன்று நிறுத்தப்பட்டிருக்கும்போதே அச்சொல் நம்பப்படுகிறது. அது குறைக்கப்படும்போது, ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறாவிடினும் நம்பிக்கை குறைகிறது.

3. அதற்காகச் சொல்லைப் புறக்கணிக்கவும் இயலாது. 1950இல் விடுபட்ட பெயரும், 1994இல் இருபொருள்பட நின்ற சொல்லும் பேரிழப்புகளோடு தொடர்புடையன.

4. அண்டை நாட்டின் அணு ஆயுதம் துணைவனின் நிலத்தையும் எட்டும்போது, எவ்வளவு உறுதியான வாக்கிலும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. படையும் கப்பலும் அதனைக் குறைக்கலாம். முற்றிலும் போக்க இயலாது. ஆதலால் பகைமையைக் குறைக்கும் பேச்சுவார்த்தையும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது. 1953ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் இன்னும் அமைதி ஒப்பந்தமாக மாறவில்லை.

நாளிதழில் ஓர் ஒப்பந்தச் செய்தியைப் படிக்கும் மாணவர், அதன் வினைச்சொல் யாது, அவ்வினையைத் தளர்த்தும் அடை யாது, அதற்குப் பின் நிற்பது யாது என்னும் மூன்றையும் வினவிப் பழகுதல் வேண்டும். இலக்கணம் பயின்றவர்க்கு முதலிரு வினாக்களும் எளியன. மூன்றாவதற்கு விடைகாண வரலாறு பயில வேண்டும்.